கருவி கழித்துப்போட்ட காவல்

"சார், ஏரியா பாதிக்குப் பாதி கொறஞ்சிட்டு!"

நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் சந்தோஷமாகத் திரையைக் காட்டினார். அவர் வடிவமைத்த சில்லுச் சுற்று பிடிக்கும் இடம் குறைந்தது உண்மைதான். ஒரு வாரம் உட்கார்ந்து அவர் சேர்த்த பாதுகாப்பும் கூடவே போயிருந்தது.

ஏடிஎம் அட்டை, சிம் இவற்றின் சில்லுக்குள் ரகசியச் சாவி இருக்கிறது. மின்னழுத்தத்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இறக்கியோ, லேசரைப் பாய்ச்சியோ சில்லைத் தப்பாகக் கணக்குப் போட வைத்தால், அந்தத் தப்பான விடையிலிருந்து சாவியைக் கறந்துவிடலாம். ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையில் இது முடியும் என்று போனே, டிமில்லோ, லிப்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997-இல் கணிதமாகவே காட்டினார்கள். இதற்கு ஒரு தற்காப்பு உண்டு. ஒரே கணக்கை இரண்டு மின்சுற்றுகள் தனித்தனியாகப் போடட்டும். இரண்டு விடையும் ஒத்தால் மட்டும் வெளியே விடலாம். மாணவர் எழுதியது அதைத்தான்.

ஆனால் சில்லின் அடிப்படைத் தர்க்கத் துண்டுகளான கேட்களை, லட்சக்கணக்கில், இன்று யாரும் கையால் வரைவதில்லை. சுற்று என்ன செய்ய வேண்டும் என்று வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதிக் கொடுத்தால், சிந்தசிஸ் மென்பொருள் அதைக் கேட்களாக்கித் தரும். வேகம் கூட வேண்டும், மின்சாரமும் இடமும் குறைய வேண்டும். அதற்குத் தெரிந்தது இவ்வளவே. ஒரே உள்ளீடு, ஒரே வேலை, இரண்டு சுற்றுகள் என்று கண்டதும் ஒன்றை நீக்கிவிட்டது. இப்போது ஒப்பிடும் சுற்றின் இரு கைகளிலும் ஒரே கம்பி. விடை எப்போதும் 'சமம்'. மாறவே மாறாத விடைக்குக் கேட் எதற்கு? அதையும் வழித்துவிட்டது. தர்க்கப்படி எல்லாம் சரி. அதன் கணக்கில் திருடன் என்று ஒருவன் இல்லவே இல்லை.

எங்கள் பக்கத்துப் பழைய தச்சுவீடுகளில், வீட்டுக்கு அளவு போடும்போதே நெல் சேமிக்கும் அறப்புரைக்கு இடம் குறித்துவிடுவார்கள். நெல்லுக்கான காவல் வீட்டின் கட்டுமானத்திலேயே இருக்கும். சில்லிலும் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, 2020-இல் குழுக்களைத் தேர்ந்தெடுத்த ஏஐஎஸ்எஸ் என்ற திட்டம், வேகம், மின்சாரம், இடம் ஆகியவற்றோடு பாதுகாப்பையும் ஓர் இலக்காகக் கருவிக்கே கொடுக்க முனைந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி, ரகசியத்தின் தடம் பிடிப்பது. வாய்க்காலில் சாயம் கரைத்துவிட்டு எந்த மடையில் நிறம் வருகிறது என்று பார்ப்போமே, அதே மாதிரி. சாவியின் பிட்டுகளுக்கு அடையாளம் போட்டுவிட்டால், அவை எந்தக் கம்பி வழியாக எங்கே போய்ச் சேர்கின்றன என்று கருவியே தொடரும். தொழிற்சாலையில் சோதிப்பதற்காகக் கோத்து வைக்கும் ஸ்கேன் செயின் வழியாகச் சாவி வெளியே கசிகிற வடிவமைப்புகள் இப்படி வார்ப்புக்கு முன்பே அகப்படும்.

சரி, அந்த மாணவருக்கு அன்றைக்கு உடனடி வைத்தியம்தான். இரண்டு பிரதிகளுக்கும் 'தொடாதே' என்று குறி போட்டு மறுபடி ஓட்டினோம். ஏரியா பழையபடி ஏறியது. சிமுலேஷனில் ஒரு பிரதியின் ஒரே ஒரு பிட்டை வேண்டுமென்றே புரட்டினோம். ஒப்பிடும் கம்பி 'சமமில்லை' என்றது. விடை வெளியே வரவில்லை.