திரும்ப மறுக்கும் ஸ்டியரிங்

என்ஜின் படகுக்குள்ளும், கியர்ப் பெட்டியும் புரொப்பெல்லரும் பின்பலகைக்கு வெளியேயும் அமைந்த படகுகளில் தனியாகச் சுக்கான் கிடையாது. வோல்வோ பென்டா நிறுவனம் 1959ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய இந்த அமைப்பில், 'அவுட்டிரைவ்' எனப்படும் வெளிக்கால் முழுவதுமே இடமும் வலமும் திரும்பிப் படகின் போக்கை மாற்றுகிறது. பல ஆண்டுகள் உழைத்த படகில் ஸ்டியரிங் இறுகிப்போனால் பலரும் முதலில் சந்தேகிப்பது சக்கரத்தைத்தான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

இறுக்கம் எங்கே என்று அறிய ஒரு ஸ்பானர் போதும். என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் கேபிளின் முனையை வெளிக்காலைத் திருப்பும் நெம்புகோலிலிருந்து கழற்ற வேண்டும். அதன்பின்னும் சக்கரம் இறுக்கமாகவே சுழன்றால் பழுது கேபிளிலோ சக்கரத்தின் பின்னுள்ள பற்சக்கரத்திலோ உள்ளது. சக்கரம் இலகுவாகச் சுழன்று, வெளிக்கால் மட்டும் கையால் தள்ளியும் அசையாவிட்டால், அது திரும்பும் அச்சு பிடித்துக்கொண்டுள்ளது. பவர் ஸ்டியரிங் உள்ள படகாயின், கழற்றுவதற்கு முன்பே அதன் எண்ணெய் அளவையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

கேபிள் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி ஒவ்வொரு வளைவிலும் உறையின் சுவரில் அழுந்துகிறது. அங்கு எழும் உராய்வின் விளைவு வளைவுக்கு வளைவு கூட்டலாகச் சேர்வதில்லை, பெருக்கலாகப் பெருகுகிறது. வளைவுகளின் மொத்தம் 270 பாகை என்றும் உராய்வுக் குணகம் (உராய்வின் அளவைக் காட்டும் எண்) 0.1 என்றும் கொண்டால், மறுமுனையில் 10 கிலோ விசை கிடைக்க இம்முனையில் ஏறத்தாழ 16 கிலோ விசையால் இழுக்க வேண்டும். கிறீஸ் காய்ந்து, உட்புகுந்த உப்புநீரால் கம்பி துருப்பிடித்துக் குணகம் 0.3 ஆனால், அதே வேலைக்கு 41 கிலோ தேவைப்படும். துருவேறிய கேபிளுக்குள் எண்ணெய் விட்டால் சில நாள்களுக்கு இலகுவாகும்; அவ்வளவுதான். அதே நீளத்தில் புதியது வாங்கி, வளைவுகளைக் குறைத்துப் பொருத்துவதே சரியான வழி. கேபிள் முனையில் கிறீஸ் நிப்பிள் (கிறீஸ் ஏற்றும் சிறு வாய்) இருந்தால், கம்பியை முழுவதும் உள்ளிழுத்த பிறகே கிறீஸ் ஏற்ற வேண்டும்; கம்பி நீண்டிருக்கும்போது ஏற்றினால், உள்ளே அடைபட்ட கிறீஸ் அது திரும்பி வருவதைத் தடுத்துவிடும்.

அச்சின் கதை வேறு. அச்சைச் சூழ்ந்த அலுமினிய உறையும் துருப்பிடிக்காத எஃகு அச்சும் உப்புநீரில் சேரும்போது அலுமினியமே அரிக்கப்படுகிறது. அரிப்பினால் உண்டாகும் வெண்பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் அச்சை நெரிக்கிறது. இதைத் தடுக்கவே, தான் முதலில் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காக்கும் தியாக உலோகத் துண்டு பொருத்தப்படுகிறது: கொழும்புக் கடலில் துத்தநாகம் போதும், பாணந்துறையில் கடலோடு கலக்கும் பொல்கொடை ஏரியின் உவர்நீருக்கு அலுமினியக் கலவையே ஏற்றது. அழகுக்காக அதன்மீது பெயின்ட் பூசுவோரும் உண்டு; பூசிய பின் அது வெறும் சுமைதான்.

பிடித்துக்கொண்ட அச்சைச் சம்மட்டியால் அடித்தால் அலுமினிய உறை வெடிக்கக்கூடும். ஊடுருவும் எண்ணெயை ஊறவிட்டு, வெளிக்காலைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைத்துப் பார்க்க வேண்டும்; அதற்கும் இணங்காவிட்டால் வெளிக்காலை இறக்கி அச்சையும் அதைத் தாங்கும் புஷ் வளையங்களையும் மாற்ற வேண்டியதுதான். மீண்டும் பூட்டிய பின், கடல்நீரைத் தாங்கும் கிறீஸை, புதிய கிறீஸ் விளிம்பில் பிதுங்கி வரும் வரை, வெளிக்காலை இருபுறமும் திருப்பியபடியே ஏற்ற வேண்டும்.