எலிக்குப் பயந்தவன் கோழையா?

இந்த மாதத்தில் மனநல ஆலோசனைக்கு என்னிடம் இப்படி வருவதில் இது மூன்றாவது ஆள். "இன்னா சார், ஆம்பளப் புள்ள இப்படி பயந்தாங்கொள்ளியா கீறான், தைரியத்துக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று நைனா பேசுகிறார். பக்கத்தில் மகன், தலை குனிந்தபடி. (ஆள் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விடுதியில் சீனியர்கள் விடிய விடிய நிற்கவைத்து மிரட்டியதில் நண்பனின் பெயரைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தூக்கமில்லை. பையில் ஆர்வெலின் ‘1984’ நாவல்: எல்லோரையும் வேவுபார்க்கும் கட்சியின் ஆட்சியில் ரகசியமாக நாட்குறிப்பு எழுதி, பிடிபட்டு, வதை தாங்காமல் காதலியைக் காட்டிக்கொடுக்கும் வின்ஸ்டனின் கதை. "நானும் வின்ஸ்டன்தான் சார். காட்டிக்கொடுத்தவன்."

தைரியத்துக்கு மாத்திரை கிடையாது. வேலூரில் எந்த மருந்துக்கடையிலும் கிடையாது.

பயமே இல்லாதவன்தான் தைரியசாலியாம். காட்பாடியில் ரயில் வருவது தெரியாமல் தண்டவாளத்தைத் தாண்டுகிறவனை வீரன் என்போமா? பயம் இல்லாதவனுக்குத் தைரியம் எதற்கு? வின்ஸ்டன் நாட்குறிப்பைத் திறக்கும்போது வயிறு கலங்குகிறது. பிடிபட்டால் மரணம், இல்லையென்றால் 25 வருடம் கட்டாய உழைப்பு முகாம் என்று அவனுக்குத் தெரியும். 39 வயது, காலில் ஆறாத புண். இருந்தும் எழுதுகிறான். தைரியம் அங்கேயே நடந்து முடிந்துவிட்டது.

யூடியூபில் கதைச் சுருக்கம் பார்க்கிறவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சிறுவயதுப் பஞ்சத்தில் வின்ஸ்டன், சாக்லேட்டில் முக்கால் பங்கு தனக்குக் கிடைத்தும், நோஞ்சான் தங்கையின் கால் பங்கையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அம்மா அழும் குழந்தையைக் கையால் அணைத்துக்கொள்கிறாள். அவன் திரும்பி வரும்போது இருவரும் இல்லை. அம்மாவைத் தானே கொன்றதாக அடிமனதில் நம்பி வளர்ந்தவன் அவன். என் வாசிப்பில், அவன் கட்சியை எதிர்ப்பது அந்தக் கடனை அடைக்கத்தான். பிடிபட்ட பிறகு 101ஆம் அறை என்ற வதைக்கூடத்தில், அவன் எதைவிடவும் பயப்படும் எலிகளை முகத்தில் ஏவப்போவதாக மிரட்டுகிறார்கள். அந்த எலி? குழந்தையின் பங்கைத் தின்ற அவனுடைய பசியேதான். அதனால்தான் அங்கே "ஜூலியாவுக்குச் செய்யுங்கள்" என்று கத்துகிறான். அம்மா தன் உடம்பைக் குழந்தைக்கு மறைப்பாக வைத்தாள்; இவன் காதலியின் உடம்பைத் தனக்கு மறைப்பாகக் கேட்கிறான். வதைத்த கட்சி அதிகாரி ஓ'பிரையனையே பச்சைப்பிள்ளைபோல் பிடித்துக்கொள்வதும் உண்டு. அடிக்கிறவனோடு ஒன்றிப்போவதை உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்டு 1936லேயே எழுதிவிட்டார், நான் நீட்டவில்லை.

அந்த அறையில் உடைந்தது ஒரு மனிதனின் தாங்கும் எல்லை. அதை வைத்து அவன் நாட்குறிப்பை அழிக்க முடியாது. பையனுக்கு இதைச் சொல்ல மூன்று அமர்வுகள் ஆயின.

பெற்றோருக்கு: "உன் வயசுல நான்..." என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். பயம் தெளியட்டும் என்று இருட்டறையில் அடைப்பது, கிணற்றில் தள்ளுவது எல்லாம் வைத்தியமல்ல, வதை. தாயத்து கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ராகிங் புகாரையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ சரியில்லையென்றால் கூட்டிவாருங்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்றால் அன்றைக்கே. நடுராத்திரியானாலும் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்.

வியாழக்கிழமை நைனாவை மட்டும் வரச்சொல்லியிருக்கிறேன்.