இன்னொரு டைரி வாங்காதீர்கள்

போன வாரம் ஒருவர் பையிலிருந்து ஐந்து டைரிகளை எடுத்து என் மேஜைமேல் அடுக்கினார். ஐந்தும் வெவ்வேறு வருடத்தவை. ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் அச்சடித்ததுபோல நிரம்பியிருந்தன: ஐந்தரைக்கு எழுவது, நடை, செலவுக் கணக்கு, படிப்பு, பத்து மணிக்குப் படுக்கை. அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள். "எனக்கு மனவுறுதியே கிடையாது டாக்டர்" என்றார். நாற்பதைத் தாண்டியவர், பொறுப்பான வேலையில் இருப்பவர். அவருக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) இருப்பது சமீபத்தில்தான் உறுதியானது. அதைக் கேட்டுவிட்டுப் போய் அவர் செய்த முதல் காரியம், அந்த ஐந்தாவது டைரியை வாங்கியது.

இதே கதையை எத்தனையோ பேரிடம் கேட்டாகிவிட்டது. என் கோபம் அவர்கள்மேல் இல்லை, "21 நாள் விடாமல் செய், பழக்கமாகிவிடும்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்மேல். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகத்துக்குப் பழக நோயாளிக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல்லை யாரோ தொலைத்துவிட்டார்கள். 2010இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், ஒரு சிறு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று வந்தது, நடுமதிப்பு 66. அதுவும் பொதுவான ஆட்களை வைத்துச் செய்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவே ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அடுத்து, வீட்டிலிருந்து கூட வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம்: "பிடித்த வேலை என்றால் ஆறு மணி நேரம் அசையாமல் உட்காருகிறாரே டாக்டர், அப்புறம் என்ன குறைபாடு?" தயவுசெய்து கேளுங்கள், அந்த ஆறு மணி நேரமும் இதே குறைபாட்டின் ஒரு முகம்தான். இவர்களிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் வைப்பதும், வேண்டிய நேரத்தில் அங்கிருந்து எடுப்பதும்தான் கடினம். சுவாரஸ்யமாக இருந்தால், புதிதாக இருந்தால், கெடு கழுத்தைப் பிடித்தால் மூளை வேலையில் இறங்குகிறது. 'இது முக்கியம்' என்று தெரிந்தால் மட்டும் இறங்குவதில்லை. முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியாதா? உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் செய்கிற இடத்தில்தான் அறுந்துபோகிறது. எனவே பிடித்ததைச் செய்ய முடிகிறது என்பதை, பிடிக்காததைச் செய்யாததற்கு எதிரான சாட்சியாக நிறுத்தாதீர்கள். இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபின் பங்கை 70 சதவீதத்துக்கு மேல் வைக்கின்றன. (பிள்ளையைக் காட்ட வந்த அப்பாவோ அம்மாவோ பாதிப் பேச்சில் "இது நான்தானே" என்று நிறுத்துவது எங்கள் அறையில் அடிக்கடி நடக்கும்.) திட்டித் திருத்தக்கூடியது என்றால் பள்ளி நாட்களிலேயே திருந்தியிருப்பார்கள். அவர்கள் வாங்காத திட்டா?

சரி, என்னதான் செய்வது? தலைக்குள் வைத்திருப்பதை வெளியே கொண்டுவாருங்கள், அதுவும் செயல் நடக்கும் அதே இடத்துக்கு. இரவு மாத்திரையை மறந்துகொண்டே இருந்த ஒருவர், அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, பல் தேய்க்கும் பிரஷ் நிற்கும் குவளையிலேயே செருகி வைத்தார். அட்டையைத் தொடாமல் பிரஷை எடுக்க முடியாது. அவ்வளவுதான், மறதி பெரும்பாலும் நின்றுவிட்டது. டைரி மூடியிருக்கும், அட்டை கண்ணெதிரே நிற்கும்.

'தினமும் உடற்பயிற்சி' என்று எழுதாதீர்கள். 'பல் தேய்த்ததும் ஷூவைப் போடுவேன்' என்று எழுதுங்கள். ஏற்கெனவே நடக்கிற ஒன்றின் வாலில் புதியதைக் கட்ட வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஐந்தைச் சேர்த்து ஆரம்பிக்கும் உற்சாகம் எனக்குத் தெரியும். அதை நம்பாதீர்கள். அலாரத்தை உட்கார்ந்தபடி அணைக்காதீர்கள், எழுந்து நின்ற பிறகு அணையுங்கள். முள் கடிகாரம் ஒன்றைப் பார்வையில் படும்படி மாட்டுங்கள். நேரம் கரைவது இவர்களுக்கு உள்ளிருந்து தெரிவதில்லை. தொடங்கவே முடியாத வேலைக்கு, பக்கத்தில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், உதவ வேண்டாம், முக்கியமாக அறிவுரை வேண்டாம்.

எந்த ஒழுங்கும் சில வாரங்களில் சலிக்கும், உடையும். அதைத் தோல்வி என்று எண்ணித்தான் டைரியை மூடுகிறார்கள். முதல் நாளே இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: நல்ல நாளுக்கு அரை மணி நடை, மோசமான நாளுக்கு வாசல்வரை போய்த் திரும்புவது. விட்டுப்போனால் திங்கட்கிழமைக்கோ ஒன்றாம் தேதிக்கோ காத்திருக்காதீர்கள், இன்று மாலையே சின்ன அளவில் தொடருங்கள். வீட்டில் இருப்பவர்களே, "ஏன் செய்யவில்லை" என்று கேட்காமல் "எந்த இடத்தில் நின்றது" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது, இரண்டாவதற்கு இருக்கும்.

ஏடிஹெச்டிக்குத் தரும் மாத்திரை பற்றிச் சுருக்கமாக. பலருக்கு அது தொடங்குவதைச் சுலபமாக்கும். பழக்கத்தை அது கட்டித் தராது. நண்பருக்கு எழுதிய மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்த்தேன் என்று இனி யாரும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். அவற்றில் சில இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். இதயப் பிரச்சினை இருந்தால், குடும்பத்தில் இருந்தாலும், முதலிலேயே சொல்லுங்கள்.

குட்டி வீடியோவைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளவும் வேண்டாம். தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இப்படித் தோற்றம் காட்டும். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) அளவுகோலின்படி பெரியவர்களுக்குக் குறைந்தது ஐந்து அறிகுறிகள் வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் முறை வரும்போது பழைய ரிப்போர்ட் கார்டு இருந்தால் எடுத்து வாருங்கள். மதிப்பெண்ணை நாங்கள் பார்ப்பதில்லை. ஓரத்தில் டீச்சர் எழுதியதைத்தான் பார்ப்போம்.