ஆறு மாதம் மட்டும் பிள்ளை ஏன் நன்றாக இருந்தான்?

திருகோணமலையில் சல்லி ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார்: "ஆறு மாசம் மட்டும் பிள்ளை நல்லாத்தான் சேர் இருந்தவன், பிறகுதான் வெளிறத் தொடங்கினான். தலசீமியா, பரம்பரை வருத்தம் எண்டு டொக்டர் சொல்லுறார். பரம்பரை எண்டா பிறக்கக்குள்ளயே இருக்கோணுமே? அயலில எல்லாரும் நாவூறு எண்டுதான் சொல்லுறாங்க."

உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, என் அம்மாவும் சுற்றியவர்தான். அதை நம்பி இரத்தம் ஏற்றும் திகதியைத் தள்ளிப் போட்டால்தான் எனக்குக் கோபம் வரும். ஆனால் கேள்வி அருமையான கேள்வி.

தலசீமியா என்பது ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின் இரத்தத்தில் சரியாக உருவாகாத வருத்தம். அந்த ஈமோகுளோபினில் இரண்டு அல்பாச் சங்கிலி, இரண்டு பீற்றா வகைச் சங்கிலி என்று படித்திருப்பீர்கள். பீற்றா வகைக்கான ஜீன்கள், பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று எழுதினோமே அவைதான், 11ஆம் நிறமூர்த்தத்தில் வரிசையாக இருக்கின்றன. தொடக்க வாரங்களுக்கு ஒன்று, பிறகு வயிற்றுப் பிள்ளைக்கான காமா இரண்டு, அப்புறம் டெல்ற்றா, கடைசியில் பீற்றா. காமா கலந்த ஈமோகுளோபின் தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனை இழுத்தெடுக்கக் கூடியது. பிறந்தபின் காமா குறைந்து பீற்றா கூடும். ஆறு மாதமளவில் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும். பிள்ளையின் பீற்றாவில் பிழை பிறக்கும்போதே இருந்தது, அதுவரை அதற்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, யார் மாற்றுவது? செங்குழியத்தில் ஜீன்களை வைத்திருக்கும் கருவே இல்லை. எல்லாம் அதற்கு முன்னால், என்பு மச்சையில் நடந்துமுடிகிறது. இந்த ஜீன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பெரிய கட்டுப்பாட்டுப் பகுதி. அதுவும் பீற்றாவிலிருந்து ஏறக்குறைய 50,000 டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி! அங்கிருந்துகொண்டு எப்படி இங்கே ஆணை போடுகிறது?

உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். கயிற்றின் இரண்டு தலைப்பையும் பிடித்து இரண்டு கூட்டம் எட்ட எட்ட நிற்கும், வலை நெருங்க நெருங்க அவர்களும் கிட்டக்கிட்ட நடந்து வந்து, மடி கரையேறும்போது தோளோடு தோள் உரசுவார்கள். டி.என்.ஏ.வும் அப்படித்தான் வளைகிறது. காட்டா1, எல்டிபி1 போன்ற புரதங்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க, நடுவிலுள்ளது வளையமாகத் தொங்குகிறது, தொட்ட ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுப்பு மளமளவென்று ஓடுகிறது. ஒன்றோடு சேர்ந்து நிற்கும்போது மற்றதைக் கவனிக்க அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் நேரமில்லை, ஆகவே ஜீன்களுக்குள் போட்டி. பிறந்தபின் பிசிஎல்11ஏ என்றொரு புரதம் காமாவின் வாசலில் ஆறே எழுத்துள்ள ஓரிடத்தில் வந்து குந்திவிடுகிறது. காமாவுக்கு வழி அடைபட, கயிறு பீற்றாவுக்குப் போகிறது.

காமாவை அடக்குவது இதுதான் என்று 2008இல் காட்டினார்கள். அப்படியென்றால் அதை அழித்துவிட்டால் காமா திரும்பி வருமே? வரும், ஆனால் மூளைக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் அதே புரதம் வேண்டும். 2013இல்தான் விடை கிடைத்தது: செங்குழியமாகப் போகிற கலங்களில் மட்டும் பிசிஎல்11ஏயைத் தூண்டும் துண்டு ஒன்று, அந்த ஜீனுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. நோயாளியின் மச்சைக் கலங்களை வெளியே எடுத்து, ஜீன் வெட்டும் கருவியான கிரிஸ்பரால் வெட்டுவது அந்தத் துண்டைத்தான். வெட்டுப்படுவது எதன் இருக்கை தெரியுமா? நம்முடைய காட்டா1இன் இருக்கை! ஆளியின் ஆளியை அணைக்கிற இந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

காஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்தது. அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு 22 இலட்சம் டொலர். குழந்தையின் இரத்தம் ஏன் வேறுமாதிரி என்று வெறும் ஆவலில் தோண்டியவர்களிடமும் "இதால் என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருப்பார்கள், நம் நாட்டில் அந்தக் கேள்வியோடேயே காசு நின்றுவிடும். நம் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம், சேரும் இரும்பை அகற்ற மருந்து.

அம்மா, அடுத்த பிள்ளையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் இருவருமே காவிகள், அதாவது பிழையான ஜீன் ஒன்றை வருத்தம் இல்லாமலே வைத்திருப்பவர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேர் தப்பிவிடுவார்கள் என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.