ஆறு எண்ணும் டிக்கெட்டில் இருக்கிறதே, இது முதல் பரிசு இல்லையா?

போன மாதம் பேரன் பேத்தி எடுத்த ஓர் ஆயா என் மேசைமேல் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்தார். உள்ளே ஒரு பவர்பால் டிக்கெட். (தென்னாப்பிரிக்காவின் லாட்டரி ஆட்டம் அது. ஒரு வரிசைக்கு ஐந்து எண்ணும், பவர்பால் என்ற தனி எண் ஒன்றும்.) சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் ஒரு மூலை கறுத்திருந்தது. (அந்தத் தாள் சூடு பட்டால் கறுத்துவிடும். விளக்கருகிலும் வைக்காதீர்கள், வெயில் படும் காரிலும் வைக்காதீர்கள்.) டிக்கெட்டில் ஐந்து வரிசை எண்கள். நீலப் பேனாவால் ஆறு வட்டம் போட்டிருந்தார். முதல் வரிசையில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று, நான்காவதில் இரண்டு, கடைசி வரிசையில் பவர்பால் எண்.

"ஆறும் இருக்குதே தம்பி. கடைக்காரன் முதல் பரிசு இல்லைங்கிறான். நீ ஒரு லெட்டர் எழுதிக் குடு."

என்ன லெட்டர் எழுதுவது? முதல் பரிசுக்கு ஆறு எண்ணும் ஒரே வரிசையில் வர வேண்டும். பல வரிசைகளில் பொறுக்கிச் சேர்த்தால் அது முதல் பரிசு ஆகாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அவர் என்னிடம் வந்தது ஒன்பது நாள் கழித்து. அதற்குள் வீட்டில் எல்லாம் நடந்துவிட்டது. பேரன் ஒரு மஷோனிசாவிடம் (உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவர்) 18,000 ராண்ட் வாங்கிக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டான். காவடிக்கு இந்த வருடம் அன்னதானம் எங்களுடையது என்று கோயிலில் சொல்லியாகிவிட்டது. கடனுக்கு ஈடாக ஆயாவின் உதவித்தொகை அட்டையும் அதன் ரகசிய எண்ணும் மஷோனிசா கையில். வட்டி மாதம் நூற்றுக்கு முப்பது. அதாவது மாதம் 5,400 ராண்ட். ஆயாவுக்கு வரும் முதியோர் தொகை முழுவதையும் கொடுத்தாலும் வட்டியில் பாதிகூடத் தீராது.

நான் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் கடன் ஆலோசகராக இருக்கிறேன். இந்த வருடம் இப்படி 'ஜெயித்து' என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். லோட்டோவில் தோற்றவர்களைவிட, ஜெயித்துவிட்டதாக நினைத்தவர்கள்தான் என்னிடம் மோசமான நிலையில் வருகிறார்கள். தோற்றவருக்குப் போவது டிக்கெட் காசு. ஜெயித்ததாக நினைத்தவர் வராத பணத்தைச் செலவு செய்துவிட்டு வருகிறார்.

இந்தத் தவறு எப்படியெல்லாம் நடக்கிறது என்று பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை டிக்கெட்டை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை முடிவைப் பார்ப்பார்கள். இன்னொன்று இதைவிட வயிற்றெரிச்சல். பவர்பால் என்பது ஒரு குலுக்கல், பவர்பால் பிளஸ் என்பது வேறு குலுக்கல். பிளஸுக்குத் தனியாகக் காசு கட்டியிருக்க வேண்டும். கட்டாதவருடைய எண்கள் பிளஸ் முடிவில் அப்படியே வந்தாலும் ஒரு சென்ட் கிடையாது. டிக்கெட்டில் பிளஸ் என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நடத்துகிறவர்களே தவறு செய்வதும் உண்டு. 2025 ஜூனில் நார்வேயின் அரசு லாட்டரி நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மிகப் பெரிய தொகை விழுந்ததாகச் செய்தி அனுப்பிவிட்டது. யூரோ சென்ட்டைத் தங்கள் நாட்டுப் பணமாக மாற்றும்போது நூறால் வகுக்க வேண்டிய இடத்தில் நூறால் பெருக்கிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டார்கள், தலைமை அதிகாரி பதவி விலகினார். செய்தி வந்தவர்களுக்கு அந்தத் தொகை வரவில்லை. அரசு நிறுவனத்தின் செய்தியையே பணமாக எண்ண முடியாது என்றால், எங்கிருந்தோ வரும் வாட்ஸாப் செய்தியை நம்பி எப்படிக் கடன் வாங்குகிறீர்கள்?

இனி, என்னை மிகவும் சலிக்க வைக்கும் பேச்சுக்கு வருகிறேன். "நெருங்கி வந்துட்டேன் அண்ணா. நான் 23 போட்டேன், 24 வந்தது. அடுத்த வாரம் நிச்சயம்."

நம் தாத்தா ஆயா காலத்தில் ஃபாஃபி ஆடினார்கள். 36 எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கண்ட கனவை வைத்துக் காசு கட்டுவார்கள். 1 என்றால் ராஜா, 2 என்றால் குரங்கு, 3 என்றால் கடல் தண்ணீர். ராஜாமேல் கட்டியவர், குரங்கு வந்த அன்று "நெருங்கிட்டேன்" என்று சொன்னாரா? ராஜாவுக்கும் குரங்குக்கும் என்ன நெருக்கம்! லோட்டோவிலும் அதேதான். 23ம் 24ம் பந்துகளின் பெயர்கள், அவ்வளவுதான். 23க்குப் பதில் மாங்காய், 24க்குப் பதில் ஆட்டுக்குட்டி என்று எழுதி வைத்தாலும் குலுக்கல் மாறாது. மாங்காய் போட்டேன், ஆட்டுக்குட்டி வந்தது, நெருங்கிவிட்டேன் என்று யாராவது சொல்வார்களா?

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. "இந்த எண் மூன்று மாதமாக வரவில்லை, இனி வந்தே தீரும்." குலுக்கலுக்குப் போன வாரம் என்று ஒன்று கிடையாது. எது வந்தது, எது வரவில்லை என்று அது கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கணக்கு வைத்திருப்பது நீங்கள்தான், பள்ளிக்கூட நோட்டில், பத்தி பத்தியாக. அந்த நோட்டுகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவ்வளவு நேர்த்தியாக வீட்டு வரவு செலவை எழுதிய ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

2020 டிசம்பர் 1ஆம் தேதி நம் நாட்டு பவர்பாலில் வந்த எண்கள் நினைவிருக்கும். 5, 6, 7, 8, 9, பவர்பால் 10. மறுநாள் ஊரே மோசடி என்று கூச்சல் போட்டது. வரிசையாக வரவே முடியாது என்று நினைப்பவர்தான் அப்படிச் சொல்வார். உங்கள் மகள் பிறந்த நாள், கல்யாண நாள், வீட்டு எண் எல்லாம் சேர்த்துப் போட்ட வரிசைக்கும் 5, 6, 7, 8, 9, 10க்கும் ஒரே வாய்ப்புத்தான். 50 எண்ணில் ஐந்தும், 20 எண்ணில் ஒன்றும் பொருந்த வேண்டிய ஆட்டத்தில் ஒரு வரிசைக்குள்ள வாய்ப்பு 4 கோடியே 23 லட்சத்து 75 ஆயிரத்து 200இல் ஒன்று. வாரம் இரண்டு குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை என்று போட்டுக்கொண்டே இருந்தால், சராசரியாக நாலு லட்சம் வருடத்துக்கு ஒரு முறை. நம் முன்னோர் ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கியது 1860இல். அன்று முதல் விடாமல் ஆடியிருந்தாலும் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை என்று பொருள்.

அந்த டிசம்பர் குலுக்கலில் முதல் பரிசு 20 பேருக்கு விழுந்தது. ஆளுக்குச் சுமார் 57 லட்சம் ராண்ட். ஒருவருக்கே போயிருந்தால் 11 கோடிக்கு மேல். எல்லோருக்கும் தோன்றும் எண்ணைப் போட்டால், விழுந்தாலும் பங்குதான்.

லோட்டோ ஆடலாமா என்று நேராகக் கேட்பவர்களுக்கு என் பதில் இது. கடன் தவணை, கரண்ட் பில், பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் போக மீதமிருக்கும் காசில், சினிமாவுக்குப் போவதுபோல ஒரு டிக்கெட் வாங்கினால் நான் குறுக்கே வரமாட்டேன். முதலீடு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள். விற்பனைப் பணத்தில் ஏறக்குறையப் பாதிதான் பரிசாகத் திரும்பி வருகிறது. குலுக்கலுக்கு 60 ராண்ட் வீதம் வாரம் நான்கு குலுக்கல் ஆடுகிறவர் என்னிடம் இருக்கிறார். வருடத்துக்கு 12,480 ராண்ட். அவருடைய துணிக்கடைக் கடனும் தட்டுமுட்டுச் சாமான் கடனும் சேர்த்தே அதைவிடக் குறைவு. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அவர் மனைவி அழுதார். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மோசடிக்காரர்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் வாங்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழாது. பரிசை விடுவிக்க வரி கட்டு, வக்கீல் கட்டணம் கட்டு, வவுச்சர் வாங்கி அதன் எண்ணை அனுப்பு என்றால் அது திருட்டு. லோட்டோ பரிசுக்கு நம் நாட்டில் வருமான வரியே கிடையாது. வங்கிச் செயலி வழியாக டிக்கெட் வாங்கியவரைப் பெரிய பரிசுக்குக் கூப்பிடுவது உண்டுதான். அப்போதும் பணம் கேட்க மாட்டார்கள், ரகசிய எண்ணும் கேட்க மாட்டார்கள். போனை வைத்துவிட்டு நீங்களே வங்கியைக் கூப்பிடுங்கள். பணம் போட்டாயிற்று என்று வரும் குறுஞ்செய்தியைப் போலியாக அனுப்புவது சுலபம். கணக்கில் இருப்பைப் பாருங்கள்.

பரிசு என்று தோன்றினால் டிக்கெட்டின் பின்னால் உடனே கையெழுத்துப் போடுங்கள். தேதி, ஆட்டத்தின் பெயர், வரிசை இந்த மூன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். கடையில் இயந்திரத்தில் கொடுத்துச் சரிபாருங்கள், சந்தேகமிருந்தால் இன்னொரு கடையில். பரிசை வாங்க 365 நாள் இருக்கிறது. ஒரு வருடம்! ஒன்பது நாளில் எதற்குக் கார்? பணம் கணக்கில் ஏறும்வரை யாரிடமும் ஒரு ராண்ட் கடன் வாங்காதீர்கள், கோயிலுக்குக்கூட வாக்குக் கொடுக்காதீர்கள். முருகன் காத்திருப்பார்.

வாங்கிவிட்டவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கடன்காரர் வழக்குத் தொடங்கிவிட்டால் அந்தக் கடனை மறுசீரமைப்பில் (கட்டக்கூடிய அளவுக்குத் தவணையை மாற்றி அமைப்பது) சேர்க்கச் சட்டம் இடம் தராது. சம்மன் வரும் முன்னே வாருங்கள். உங்கள் அட்டையையோ ரகசிய எண்ணையோ கடனுக்கு ஈடாக வாங்கி வைப்பது குற்றம். பதிவு பெற்ற கடன்காரர் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கே முதல் முறை மாதம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. மஷோனிசாவுக்குப் பயந்துகொண்டு அவரிடமே மறுபடி கடன் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்றால் 0800 006 008 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். பேரப்பிள்ளைகளே, ஆயாவுக்கு அந்த எண்ணை நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

என்னிடம் வந்த ஆயாவுக்குப் புது அட்டைக்கு விண்ணப்பித்துக் கொடுத்தேன். பழையது இனி வேலை செய்யாது. கார் முன்பணத்தில் ஒரு பகுதியை விற்பனையாளர் திருப்பித் தரச் சம்மதித்திருக்கிறார். மீதிக்குப் பேரன் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறான். டிக்கெட்டைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் தம்பி, வட்டம் போட்டது போட்டபடியே இருக்கட்டும், அவன் பார்க்க வேணும் என்று சொல்லி மறுபடி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போனார்.