ட்ரோஜன்: குதிரையைவிட யானை பொருத்தம்

நம்பி இறக்கிய நிறுவியை (installer) திறந்ததும் ஆன்டிவைரஸ் ‘ட்ரோஜன்’ என்று எச்சரித்தால் யாருக்கும் பதறும். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ட்ராய் நகரத்தவர். கோட்டையைப் பிடிக்க முடியாத கிரேக்கர்கள், வயிற்றில் வீரர்களை ஒளித்த மரக்குதிரையை வாசலில் விட்டுப் போனார்கள். அதை உள்ளே இழுத்துப் போனவர்கள்தான் ட்ராய்க்காரர்கள். ‘ட்ரோஜன் குதிரை’யைச் சுருக்கி ‘ட்ரோஜன்’ என்னும்போது ஏமாந்தவர் பெயர்தான் மிஞ்சுகிறது!

கணினித் துறையில் இது பழைய சொல். அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதிய 1972 அறிக்கையிலேயே வருகிறது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொண்டு பரவும். ட்ரோஜன் பெருகாது, பயனுள்ள மென்பொருளாகத் தோன்றும், நாமே ‘சரி’ அழுத்தி உள்ளே விடுவோம்.

தமிழில் என்ன சொல்லலாம்? தீநிரல், தீம்பொருள் இரண்டும் மால்வேர், அதாவது கேடு செய்யும் மென்பொருள், எல்லாவற்றுக்கும் பொது. ‘ட்ராய் குதிரை’ என்றால் அந்தக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். நம் பழைய காப்பியமான ‘பெருங்கதை’யிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. உதயணன் யாழிசையால் மதயானையையும் அடக்குபவன். அவனைப் பிடிக்க, பிரச்சோதன மன்னன் பொறிகளால் ஒரு யானை செய்து, உள்ளே வீரர்களை ஒளித்துக் காட்டில் விட்டான். நிஜ யானை என்று நெருங்கிய உதயணன் சிறைப்பட்டான். ட்ராய்க்காரர்களுக்கு அந்தக் குதிரை புதுப்பொருள். உதயணனுக்கு யானை நாள்தோறும் பழகியது. பழகியதன் உருவில் வந்ததால்தான் ஏமாந்தான். பொறி என்றால் இயந்திரம், கண்ணியும்கூட. அதனால் ‘பொறியானை’ என்பதே என் தேர்வு.

2017-இல் சிசிளீனருக்கு நடந்தது அப்படியே இதுதான். கணினியைத் துப்புரவாக்கப் பலர் வைத்திருந்த மென்பொருள் அது. ஆகஸ்ட் 15-இல் வெளியான 5.33 பதிப்புக்குள், தயாரிக்கும் இடத்திலேயே ஊடுருவியவர்கள் தீநிரலைப் புகுத்தியிருந்தார்கள். அதிகாரப்பூர்வத் தளம், செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம், எல்லாம் சரியாக இருந்தன. செப்டம்பரில் வெளிப்படுவதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளில் ஏறிவிட்டது.

நிறுவியோடு விளம்பர மென்பொருளை ஒட்டி அனுப்புவது வேறு. 2015-இல், மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் தளமான சோர்ஸ்ஃபோர்ஜ், படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளின் நிறுவியில் அப்படிச் செய்து கண்டனத்துக்கு ஆளானது. இது ஒளிந்து வருவதில்லை. ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்தும் அவசரத்தில் கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவுதான். ஆசிரியர் எழுதியதற்குள் பிறர் தம் சரக்கைச் சேர்ப்பதற்கு ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்தே நமக்குப் பழகிய சொல் இருக்கிறது: இடைச்செருகல்.

அப்புறம், இரண்டுக்கும் பரிகாரமும் வேறு. இடைச்செருகல் என்று சந்தேகப்பட்டால், மென்பொருளைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் பெரும்பாலும் தீரும். பொறியானைக்கு அது போதாது: சிசிளீனரைப் பலரும் அப்படித்தான் இறக்கியிருந்தார்கள்.