‘ஸ்டாண்டர்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன?

ஜாஸ் இசையில் ‘ஸ்டாண்டர்ட்’ என்றால், கலைஞர்கள் எல்லோரும் அறிந்து வைத்திருக்கும், தலைமுறை தாண்டியும் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கப்படும் பாடல் என்று பொருள். அகராதிக்கு இது போதும். யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் இருந்து அதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டியவனுக்குப் போதாது.

ஞாயிறு காலைகளில் இங்குள்ள சிறிய வானொலி ஒன்றில் ஒரு மணி நேரம் ஜாஸ் பாடல்களைத் தெரிவு செய்து ஒலிபரப்புகிறேன். இளைஞர்கள் என்னை டிஜே என்கிறார்கள். எனக்கு இலங்கை வானொலி பழக்கிய ‘அறிவிப்பாளர்’ என்ற சொல்லே போதும். தொடங்கிய புதிதில் ஒருநாள், “அடுத்து வருவது ஒரு ஸ்டாண்டர்ட்” என்று அறிவித்தேன். பாடல் முடியுமுன் கோண்டாவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் வந்தார். “தம்பி, இதுதான் தரமான பாட்டு என்றால், இவ்வளவு நேரமும் போட்டவை தரம் குறைந்தவையோ?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லின் பின்னால் அலைகிறேன்.

அது ஒரு போர்க்கொடியில் தொடங்குகிறது. பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஸ்தாந்தார்’ என்றால் படை ஏந்திய கொடி. ‘விரித்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து அது வந்தது என்பார் ஒரு சாரார். பழைய ஜெர்மானிய இனத்தவரான பிராங்கியரின் மொழியில் ‘உறுதியாக நில்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல்லே அது என்பார் மறுசாரார். என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. 1138 இல் வட இங்கிலாந்தில் நடந்த ஒரு போருக்கே ‘ஸ்டாண்டர்ட் போர்’ என்று பெயர். ஆங்கிலேயப் படை ஒரு கப்பலின் பாய்மரத்தை வண்டியில் நட்டு, அதில் புனிதர்களின் கொடிகளை ஏற்றி, அதைச் சூழ நின்று ஸ்கொட்லாந்துப் படையை எதிர்கொண்டது. நல்லூரின் கொடித்தம்பத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. நட்ட கொடி எங்கே நிற்கிறதோ அங்கே ஆட்கள் கூடுகிறார்கள். பின்னாளில் அந்தச் சொல், மன்னன் விதித்த எடைக்கும் அளவுக்கும் பெயராயிற்று. அளவிலிருந்து தரம் என்ற பொருளும், எல்லோரும் ஏற்றுக்கொண்ட மாதிரி என்ற பொருளும் கிளைத்தன. இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசிப் பொருளை.

எனவே ‘தரம்’ பொருந்தாது. இலங்கையில் அது வேறொரு சிக்கலையும் கொண்டுவரும். தரம் ஐந்து, தரம் பத்து என்று வகுப்புகளை எண்ணும் நாட்டில் ‘தரப் பாடல்’ என்றால், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் பாடல் என்றே காதில் விழும்.

‘கட்டளை’ என்ற சொல்லை விட்டுவிட எனக்கு மனமே வரவில்லை. பொன்னை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல். அடிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு வைத்த பாவகை கட்டளைக் கலித்துறை: நேரசையில் தொடங்கினால் ஒற்று நீங்கலாகப் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. அளவு, மாதிரி என்ற பொருள்கள் முழுவதும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் இன்றைய செவிக்குக் கட்டளை என்றால் ஆணை. கலித்துறையின் கணக்கோ மீற முடியாதது. ஜாஸ் கலைஞனின் கையில் இருக்கும் பாடல் அப்படிக் கட்டிப்போடுவதில்லை.

அது எப்படி இயங்குகிறது என்பதைக் கேட்டால்தான் புரியும். இந்தப் பாடல்களில் பல, 1920களிலிருந்து 1950கள் வரை நியூயோர்க்கின் பிராட்வே மேடைக்காகவும் ஹொலிவுட் படங்களுக்காகவும் எழுதப்பட்டவை. நான்கு எண்ணிக்கை ஓர் ஆவர்த்தனம் என்று நம் கணக்கில் வைத்தால், பெரும்பாலும் எட்டு எட்டாக 32 ஆவர்த்தனம். முதல் எட்டு, அதே எட்டு மறுபடியும், மூன்றாவது வேறு திசையில் போகும், நான்காவது முதலாவதற்குத் திரும்பும். கலைஞர்கள் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு அதை விட்டுப் புறப்படுவார்கள். அடியில் சுரக்கூட்டுகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) வரிசை மட்டும் அதே ஒழுங்கில் சுழன்றுகொண்டிருக்கும். 1939 இல் கோல்மன் ஹோக்கின்ஸ் ‘பொடி அன்ட் சோல்’ பாடலை சாக்ஸபோனில் பதிவு செய்தபோது, தொடக்கத்தில் மெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு மீதி முழுவதும் தன் கற்பனையிலேயே சென்றார். ஆனாலும் அது அந்தப் பாடல்தான். 1935 இல் மேடையேறிய ஓர் இசை நாடகத்துக்காக ஜோர்ஜ் கேர்ஷ்வின் அமைத்த ‘சம்மர்டைம்’ ஒரு தாலாட்டு. அடுத்த ஆண்டே பில்லி ஹாலிடே அதைப் பாடினார். 1958 இல் மைல்ஸ் டேவிஸ் ஒலியடக்கி பொருத்திய ட்ரம்பெட்டில் வாசித்தார். நான் இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடுவேன், முதலில் குரல், பிறகு வாத்தியம். விடியற்காலையில் முதன்முறை கேட்பவருக்கு மெட்டு மனதில் பதிந்த பிறகுதான் அது கலைந்து விரிவதில் இன்பம் உண்டாகும்.

இதற்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச்சொல் நம் கோயில் வீதிகளிலேயே இருக்கிறது. அது ‘உருப்படி’. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் கொண்டாடிய ஊர் இது. கச்சேரிக்கு எடுத்துக்கொள்ளும் கீர்த்தனையையோ வர்ணத்தையோ உருப்படி என்கிறோம். திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றுவதை உருப்போடுதல் என்கிறோம். ஜாஸ் கலைஞனும் ஸ்டாண்டர்டுகளை உருப்போட்டே வைத்திருக்கிறான். அதனால்தான் முன்பின் அறியாத நால்வர் ஒத்திகையின்றி மேடையேறி, பாடலின் பெயரையும் சுருதியையும் மட்டும் சொல்லிக்கொண்டு வாசிக்க முடிகிறது. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். கீர்த்தனையில் ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலும் சுரமும் எவ்வளவு விரிந்தாலும், சாகித்தியம் எனும் பாடல் வரிகளும் இராகமும் கண்முன் நிற்கும். ஜாஸில் மெட்டே மறைந்துவிடலாம்.

வெறும் உருப்படி என்றால் எல்லாப் பாடலையும் குறிக்கும். அடைமொழி வேண்டும். ‘நிலைப்பாட்டு’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். ‘நிலைப்பாடு’ குறுக்கே வந்து அரசியல் அறிக்கை போல ஒலித்தது. ‘பொது உருப்படி’ என்றால் உரிமையாளர் இல்லாதது என்று தோன்றும். கடைசியில் ‘நிலையுருப்படி’ என்று தெளிந்தேன். நிற்றல் என்ற பழைய பொருள் அதில் இருக்கிறது. தேர் வீதிகளைச் சுற்றிவிட்டு நிலைக்கு வருவதும் அதில் கேட்கிறது. தனி வாசிப்பு எவ்வளவு தூரம் போனாலும், முடிவில் எல்லோரும் சேர்ந்து மெட்டுக்குத் திரும்பி வருவது ஜாஸின் வழக்கம்.

சொல்லைச் சோதிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனைத் தெரிவு செய்தேன். 1959 இல் மேடையேறிய இசை நாடகம் ஒன்றின் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாடலை, அவர் 1960 இல் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேலாக விரித்து வாசித்தார். மூன்று எண்ணிக்கையில் நடக்கும் பாடல், நம் திஸ்ரத்துக்குப் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். அவர் ஊதுவது நேரான சொப்ரானோ சாக்ஸபோன். கண்ணை மூடினால் வெளிவீதியில் நாதஸ்வரம் போலவே இருக்கும்.

“அடுத்து வருவது ஒரு நிலையுருப்படி” என்று அறிவித்தேன். ஆசிரியை மறுபடியும் அழைத்தார். சொல் நன்றாக இருக்கிறது என்றவர் ஒரு திருத்தம் சொன்னார்: “எழுதும்போது சேர்த்து எழுதுங்கள், தம்பி. வானொலியில் மட்டும் ‘நிலை’ என்றதும் ஒரு நொடி நின்று, பிறகு ‘உருப்படி’ என்று சொல்லுங்கள்.” இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.